ஊதாக்கா கொடுத்த வாக்கு

அந்த ஆஸ்பத்திரியில் ஊதாக்கா எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூட, "கீழ்த்தளம், கடைசி ரூம், மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க" என்று கை காட்டுவார். அவளுடைய உண்மைப் பெயரைக் கேட்டால்தான் தலையைச் சொறிவார். இருபத்தாறு வருஷமாகச் சதைத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி ஏற்றி அவளுடைய விரல் நுனிகள் ஊதாவாகிவிட்டன. எலுமிச்சை, கல் உப்பு, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் போட்டுப் பார்த்து ஓய்ந்துபோய், "இது என்னோடதான் போகும்" என்று விட்டுவிட்டாள்.

மேலே டாக்டர்கள் ஊசியால் எடுக்கும் கல்லீரல் துண்டு இவளிடம்தான் வரும். மருந்துத் தண்ணீர் பாட்டிலில் கிடக்கும் ஒரு தையல் நூல். அவ்வளவுதான் இருக்கும். அதைத் தொலைந்துபோகாமல் தாளில் மடித்து, சாராயத்தில் ஊறவைத்து ஈரத்தை எடுத்து, மெழுகில் புதைத்து, பிளேடால் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவியதை வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி, மாடிக்கு அனுப்பினால் அவள் வேலை முடிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவது டாக்டரம்மா வேலை.

பக்கத்து மேஜையில் உட்காரும் டெக்னீஷியனுக்கு வாயாடி என்று பெயர். சாராயத் தொட்டியில் துண்டுகளை இறக்கும்போதெல்லாம், "பாவம்க்கா, வாழ்நாள் முழுக்கத் தொடாத மனுஷனா இருந்தாலும் இங்க வந்து ஒரு ரவுண்டு போட்டுத்தான் போகணும்" என்பான். முதல் தடவை சிரித்தாள். ஆயிரமாவது தடவை சிரிக்கத் தெம்பில்லை.

டாக்டருக்குப் படிக்காவிட்டாலும் கை பட்ட பழக்கத்தில் அவளுக்குக் கல்லீரல் தெரியும். நல்ல கல்லீரல் பழுப்பாக, முழு நூலாக வரும். கொழுப்பு ஏறியது மஞ்சளாக வெளுத்து, பாட்டிலில் அடியில் தங்காமல் மேலே மிதக்கும். முற்றிச் சுருங்கிப்போனது நூலாகவே வராது, உடைந்த வளையல் மாதிரி துணுக்குத் துணுக்காக விழும். பித்தம் தேங்கியது பச்சை காட்டும். "மனுஷன் வாய் பொய் சொல்லும். என் ஸ்லைடு சொல்லாது" என்று அவள் அடிக்கடி சொல்வாள். சொன்னது மட்டுமில்லை, நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது.

அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது அவளுக்கு இருபது, அவனுக்கு ஒன்பது. அவனைப் படிக்கவைத்து, லைசென்ஸ் வாங்கித் தந்து, ஒரு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு டிரைவராக உட்காரவைப்பதற்குள் அவளுடைய கல்யாண வயசு சத்தமில்லாமல் கழிந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்பினால் கேட்க யார் இருந்தார்கள்?

தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள், அம்மா தடுத்தும் கேட்காமல், நேராக ஊதாக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கப்பா குடிச்சுக் குடிச்சு வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். உங்க தம்பி குடிப்பாரா?"

"தொட்டதுகூட இல்லைம்மா. அவனுக்கு நான் வாக்கு."

அந்த வாக்கின் மேல் பத்து வருஷம் ஒரு குடும்பம் நின்றது. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு அறை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாருக்கு ஒரு தட்டுச் சாப்பாடு.

அதை உடைத்தது ஒரு கேள்விக்குறி.

பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை வைத்தார்கள். தம்பியின் ரத்தத்தில் கல்லீரல் கணக்கு மூன்று மடங்கு ஏறியிருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மனைவியும் கூடவே போனாள். ஸ்கேன் பார்த்தவர் தலையைத் தூக்காமலே கேட்டாராம், "தினமும் எவ்வளவு குடிப்பீங்க?"

"நான் குடிக்கறதில்லை சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்துவிட்டு, சீட்டில் 'கல்லீரலில் கொழுப்பு, வீக்கம்' என்று எழுதி, பக்கத்தில் 'குடி' என்று போட்டு ஒரு கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தார். அவருக்கு அது பத்து நொடி வேலை. அந்தச் சீட்டை நாலாக மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு மனைவி பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் நடந்தாள். அவளுடைய அப்பாவும் எல்லா டாக்டரிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கொஞ்ச நாளாவே எனக்குச் சந்தேகம் அண்ணி" என்று போனில் சொன்னாள். "சாப்பிட்டதும் பால்கனி பக்கம் போவார். எதையோ வாயில போட்டுத் தண்ணி குடிப்பார். நான் போனா கையைப் பின்னால கட்டிப்பார். எங்கப்பாவும் ஏலக்காய் மென்னுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவார். எனக்குத் தெரியாததா?"

தம்பி மூன்று வாரத்தில் இடிந்துபோய்விட்டான். "பஸ்ஸுல நாற்பது பிள்ளைங்க ஏறுது. என் பிள்ளை மட்டும் ஏறலை. அவ பாட்டி கையைப் பிடிச்சு நடந்து போறா. நான் ஹாரன்கூட அடிக்காம தாண்டிப் போறேன்க்கா" என்று அவன் அழுததைப் பார்த்த பிறகுதான் ஊதாக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துடலாம்டா. நானே என் கையால ஸ்லைடு போடறேன். கல்லீரல் சொல்லும், நீ யாருன்னு. அதைக் கொண்டுபோய் அவ முன்னால வைக்கறேன்."

அவன் ஏனோ தயங்கினான். "வேண்டாமே அக்கா. வலிக்குமோன்னு..."

"மூணு வாரமா வலிக்கறதைவிடவா?"

கல்லீரல் டாக்டரும் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கத் துண்டு எடுப்பது நல்லதுதான் என்றார். காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். பதினொன்றுக்குப் பாட்டில் கீழே வந்தது. நம்பர் ஒட்டியிருந்தது, பெயர் இல்லை. பெயர் எதற்கு அவளுக்கு? வெளுத்த மஞ்சள் நூல் ஒன்று மேலாக மிதந்துகொண்டிருந்தது. ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்ட உடம்பு, இப்போது அரை அங்குலமாக உள்ளங்கையில்.

வாயாடி எட்டிப் பார்த்தான். அன்றைக்கு மட்டும் ரவுண்டு ஜோக் அடிக்கவில்லை. "நான் போடட்டுமாக்கா? சொந்தத் தம்பியாச்சே உனக்கு" என்றான்.

"அதனாலதான் என் கையாலேயே."

மறுநாள் காலை மெழுகுக் கட்டியைச் சீவினாள். நாற்பது கட்டிகள் வரிசையில் காத்திருந்தன. மணிக்கட்டு வலி தோள் வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு துளி வீணாக்காமல் எடுத்து, வழக்கமான சாயத்தில் ஒன்று, நார் நீலமாகத் தெரியும் சாயத்தில் ஒன்று என்று ஏற்றி, ஆள் மூலம் அனுப்பாமல் தானே தட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். லிஃப்ட் இருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லை.

டாக்டரம்மா அவளைவிடப் பத்து வயது இளையவள். விஷயம் தெரியும். ஸ்லைடை வைத்துப் பார்த்தாள். நிமிஷங்கள் போயின. சுவர் மின்விசிறி ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி முனகியது.

"உக்காருங்க அக்கா. நீங்களும் பாருங்க" என்று இரண்டாவது கண்குழாயைத் திருப்பினாள். "இந்த வெள்ளை வெள்ளையா வட்ட ஓட்டை எல்லாம் கொழுப்பு இருந்த இடம். நீங்க ஊறவைக்கறதுல கொழுப்பு கரைஞ்சு போயிடும், ஓட்டைதான் மிஞ்சும். பாதிக்கு மேல இருக்கு. இது பாருங்க, செல் ஊதிப்போய் நிக்குது. சுத்தி வீக்கம். நீலமா நார் ஓட ஆரம்பிச்சிருக்கு. நாலு கட்டத்துல இரண்டாவது. இன்னும் சுருங்கலை. திரும்ப முடியற இடத்துலதான் இருக்கார்."

"சரி மேடம்." கண்குழாயிலிருந்து தலையை எடுத்தாள். "இது குடியால வந்ததில்லைன்னு எழுதிடுவீங்க இல்ல?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அதை ஸ்லைடு சொல்லாது அக்கா."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"குடிச்சு வந்த கொழுப்பும், குடிக்காம உடம்பு எடையால வந்த கொழுப்பும் இங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே ஓட்டை, அதே வீக்கம், அதே நார். ரெண்டு பஸ் ஒரே பள்ளத்துல விழுந்து கிடக்கு. பள்ளத்தைப் பாத்து எந்த டிரைவர்னு சொல்ல முடியுமா? நான் என்ன இருக்குன்னு எழுதுவேன். எதனாலன்னு அவரைத்தான் கேக்கணும்."

ஊதாக்கா தட்டில் இருந்த ஸ்லைடுகளைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம். எத்தனை ஆயிரம் கல்லீரல். அத்தனையையும் சீவி, சாயம் ஏற்றி, மாடிக்கு அனுப்பினாள். ஒரு தடவைகூட இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லையே! சாட்சி சொல்லும் என்று தம்பியின் வயிற்றில் ஊசி ஏற்றவைத்தாளே!

"மேடம்... உங்களை வளத்த கைன்னு என்னை நினைச்சுக்கோங்க. ஒரே ஒரு வரி. 'குடியால் வந்தது அல்ல'ன்னு. உங்க காலைப் பிடிக்கறேன்."

"அக்கா, எழுந்திருங்க." டாக்டரம்மாவின் குரலும் தளர்ந்திருந்தது. "இன்னிக்கு உங்களுக்காக எழுதினா, நாளைக்கு நான் எழுதற எதை யார் நம்புவாங்க?" கொஞ்ச நேரம் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். நிறைய செல்லுல உட்கரு காலியா, கண்ணாடி மாதிரி இருக்கு. இது வேற காரணத்தாலயும் வரலாம். ஆனா சர்க்கரை நோய் இருக்கவங்ககிட்ட அதிகமா பாப்போம். உங்க தம்பிக்குச் சர்க்கரை உண்டா?"

"இல்லையே மேடம்."

"படிவத்திலயும் இல்லைன்னுதான் எழுதியிருக்கார். எதுக்கும் கேட்டுப் பாருங்க."

படி இறங்கும்போது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒருவேளை அவன் குடிக்கிறானோ? பத்து வருஷமாக அவன் தனிக் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்ப்பதில் அவளுக்கு என்ன தெரியும்? யாரை நம்பி அன்றைக்கு வாக்குக் கொடுத்தாள்? ஒன்பது வயசுப் பையனை நம்பியா?

மத்தியான ட்ரிப்புக்கு முன்னால் பள்ளிக்கூடப் பின்பக்கத்தில் பஸ் நிற்கும். காலியான பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், குழந்தைகள் உட்காரும் குட்டி இருக்கையில் அவள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பொட்டலம் பிரித்த இனிப்பு பன்.

"ஸ்லைடு சொல்லிடுச்சாக்கா?"

"நீ சொல்லு. குடிக்கறியா?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "நீயுமா அக்கா?"

"நானும்தான். கேக்கவே கேக்காம ஊருக்கு வாக்குக் குடுத்தவ நான். இன்னிக்குக் கேக்கறேன்."

"அம்மா மேல சத்தியமா இல்லை."

"செத்தவங்க மேல சத்தியம் பண்ணாதே. சர்க்கரை இருக்கா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. சீட்டுக்கு அடியில் கையை விட்டு, துணி சுற்றிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"ரெண்டு வருஷமா. வேற ஏரியா டாக்டர்கிட்ட போய் வாங்கறேன். ரத்தம் எடுக்கறதுக்கு முன்னால மட்டும் டீயை நிறுத்தி, மாத்திரையைப் போட்டுச் சமாளிச்சேன். பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா, வண்டி ஓட்டறப்ப மயங்கிடுவேன்னு எடுத்துடுவாங்கன்னு பயம். அவகிட்டச் சொன்னா டீயை நிறுத்துவா, உன்கிட்டச் சொல்லுவா. பால்கனியில போட்டுக்கறது இதைத்தான்."

"அடப்பாவி! சாராயம்னு நினைச்சு அவ வீட்டை விட்டே போயிட்டா. அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"ரெண்டு வருஷப் பொய்யை எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலைக்கா."

அழத் தோன்றவில்லை அவளுக்கு. திட்டவும் தோன்றவில்லை. அந்தக் குட்டி இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடி, ஒரு பத்து நிமிஷம் கண்ணை மூடினால் தேவலை என்று மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி மனைவியின் அம்மா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த சம்பந்தியம்மா, "வாங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். உள்ளே தம்பி மனைவி மிஷினில் பள்ளிச் சீருடைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை.

வழியெல்லாம் ஊதாக்கா ஒரு பொய்யை அலங்கரித்துக்கொண்டு வந்திருந்தாள். 'ஸ்லைடுல தெளிவா தெரிஞ்சிடுச்சும்மா, குடியே இல்லை' என்று சொன்னால் போதும். ஸ்லைடு போடும் நாத்தனார் சொல்வதை இவள் நம்புவாள். சர்க்கரை விஷயம் வெளியே வரவே வராது. ஆனால் தம்பி மனைவி கேட்டதும் வாயில் வந்தது வேறு.

"ஊசி போட்டு எடுத்ததுல என்ன பாத்தாங்க அண்ணி?"

"கல்லீரல்ல கொழுப்பு இருக்கும்மா, நாரும் ஆரம்பிச்சிருக்கு. ஆனா குடியா இல்லையான்னு ஸ்லைடு சொல்லாதாம். இவ்வளவு வருஷம் எனக்கே தெரியலை. இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

மிஷின் நின்றது.

"அவனுக்கு ரெண்டு வருஷமா சர்க்கரை. மறைச்சு மறைச்சு மாத்திரை போட்டிருக்கான். நீ பாத்தது அதைத்தான். நான் நேரா கேட்டேன், குடிக்கலைன்னான். நான் நம்பறேன். ஆனா நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லைம்மா."

அவள் துணியை ஊசியிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"குடிகாரனோட வாழ மாட்டேன்னுதான் அன்னிக்குச் சொன்னேன் அண்ணி. பொய் சொல்றவனோட வாழ்வேன்னு சொல்லலையே? எங்கப்பா குடிச்சதை நாங்க எப்படியோ பொறுத்துக்கிட்டோம். குடிக்கலைன்னு தினமும் எங்க அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவாரே, அதைத்தான் தாங்க முடியலை."

உள்ளறையில் சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான்தான் வாக்குக் குடுத்தேன். தப்பு என் மேல."

"ஆமா அண்ணி. இனிமே அவருக்காக நீங்க வாக்குக் குடுக்காதீங்க. நாற்பது வயசு ஆம்பளை. அவரையே வரச் சொல்லுங்க. வந்து அவர் வாயால சொல்லட்டும்."

ஊதாக்கா போனை எடுத்தாள். முப்பது நிமிஷத்தில் தம்பி வந்து நின்றான், டிரைவர் சட்டையோடு. ஆறு வாரத்துக்கு முன்னால் அதே சட்டைக்கு மனைவிதான் பட்டன் தைத்திருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. "பாட்டிகிட்டப் போம்மா" என்று அவள் அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"ஏழு. எட்டு."

"சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன்."

"மூணு" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"...மூணு."

"பன்னு?"

"ட்ரிப்புக்கு ஒண்ணு."

"குடி?"

"இல்லை. ஒருநாளும் இல்லை." இந்தத் தடவை அவன் யார் மேலும் சத்தியம் பண்ணவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மனைவியின் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"பள்ளிக்கூடத்துல யார் சொல்றது, சர்க்கரையை?"

"வேலை போயிடும்."

"போகட்டும். நான் தைப்பேன். மயங்கி விழற டிரைவரோட பஸ்ஸுல எந்தத் தாய் பிள்ளையை ஏத்துவா? நானே ஏத்த மாட்டேனே!"

"...நாளைக்கு நானே சொல்லிடறேன்."

"சொல்லிட்டு வாங்க. அப்புறம் கல்லீரல் டாக்டர்கிட்ட நானும் வருவேன். நீங்க எழுதின படிவத்தை என் முன்னால திருத்தணும்." அவள் ஊதாக்கா பக்கம் திரும்பினாள். "இது சரியாகுமா அண்ணி?"

"உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சா, நாரே குறைய வாய்ப்பு இருக்குன்னு மேடம் சொன்னாங்க. சர்க்கரையும் கட்டுக்குள்ள வரணுமாம்."

"எடை போட்டுப் பார்க்கலாம். பொய் சொல்ல முடியாதே அதுல." முதல்முறையாக அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"அப்போ வீட்டுக்கு...?" என்று அவன் இழுத்தான்.

"இப்ப வர மாட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சொன்னீங்கன்னு வந்து சொல்லுங்க. அதுக்கடுத்த நாள் டாக்டர்கிட்ட என்ன சொல்றீங்கன்னு பாக்கறேன். நம்பிக்கை வந்ததும் வருவேன். வரலைன்னா வர மாட்டேன். மூணு பேரும் அழுது பிரயோஜனமில்லை. டீ போடட்டுமா? சர்க்கரை இல்லாமதான்."

அவன் தலையாட்டினான். மிஷின் பக்கத்திலிருந்த ஸ்டூலை அவள் காலால் தள்ளிவிட்டாள். அதில் ஓரமாக உட்கார்ந்தான்.

ஊதாக்காவுக்கும் ஒரு டம்ளர் வந்தது. கசந்தது. முழுதும் குடித்துவிட்டு எழுந்தாள். "நான் கிளம்பறேன்" என்றதற்கு, "இருங்க அண்ணி" என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவனுடைய பேச்சை அவனே பேசிக்கொண்டிருந்தான். படியில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். மேலேயிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது, "எந்த டாக்டர் அது? சீட்டைக் காட்டுங்க முதல்ல." அதற்கு அவன் ஏதோ பதில் சொன்னான். நின்று கேட்காமல் அவள் தெருவுக்கு வந்தாள்.